பினாங்கு இளவரசனும் சூலியா தெரு அலாவுதீனும்

சூலியா தெரு, பினாங்கு
12 மார்ச் 1934

ராமதாஸுக்கு,

அன்புள்ள என்று தொடங்கலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். மனம் வரவில்லை. நீ சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிப் பதினேழு மாதம் ஆகிறது. நான் உனக்கு ஒரு வரி எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. இப்போதும் எழுதியிருக்க மாட்டேன். உன் அப்பா பிச்சைமுத்து மாமாவால்தான் எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் மாமா பிறையிலிருந்து பெரிப் படகில் வந்து நேரே எங்கள் கடையில் ஏறினார். கயிற்றுச் சுருளையும் தார் டப்பாவையும் தள்ளிவைத்து ஸ்டூல் போட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினார்.

"இதுல ராமதாஸைப் பத்தி என்னமோ போட்டிருக்காம். ஜெட்டி ஆபீஸே சிரிக்குது தம்பி. என்னன்னு படிச்சுச் சொல்லுங்க."

இங்கிலாந்துப் பத்திரிகைச் செய்தியை நம்மூர்ப் பத்திரிகை எடுத்துப் போட்டிருக்கிறது. 'பினாங்கு இளவரசர் மூன்று முறை பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டினார்' என்று தலைப்பு. கீழே நீ. தலையில் பெரிய முண்டாசு, அதில் ஒரு இறகு. நீ ஒரு ராஜாவின் இளைய மகன் என்றும் யானைமேல் பள்ளிக்கூடம் போனவன் என்றும் எழுதியிருக்கிறது. பிறைப் படகுத்துறை ஜெட்டியில் டிக்கெட் கிழிக்கிற மனிதருக்கு இதை நான் எப்படிப் படித்துக் காட்டுவது?

"நல்லா ஆடறானாம் மாமா" என்றேன்.

"இந்தத் தலைப்பா எதுக்கு?"

"அங்க குளிர் லா மாமா. காதை மூடணும்ல."

நம்பினாரோ இல்லையோ, துண்டை மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

யானையாம். என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து கடற்கரைத் திடலுக்கு வந்தவன் நீ. பட்டாணி வண்டிக்காரன் 'முட்டைப் பந்துக்காரங்க வந்துட்டாங்க' என்று ரக்பி ஆட வரும் நம்மைப் பார்த்துச் சிரிப்பானே, அவன் இன்னும் அங்கேதான் நிற்கிறான். முட்டி மோதும் ஆள் குவியலுக்குள் கையை விட்டு நான் பந்தைத் தோண்டி எடுத்து எறிவேன். எங்கே எறிந்தாலும் அங்கே நீ இருப்பாய். நான்கு வருஷம் அப்படி ஆடினோம். பேரா மாநில அணியோடு பெரிய ஆட்டத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது போய்விட்டாய். நான் கேப்டன். எனக்கே உன் கப்பல் போன மறுநாள்தான் தெரியும்.

மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும். ஏன் சொல்லவில்லை? அதை மட்டும் எழுது.

ஷேக் அலாவுதீன்


தோர்ன்பெக், யார்க்‌ஷையர்
22 ஏப்ரல் 1934

அன்புள்ள அலாவுதீன் அண்ணே,

நீங்கள் எழுதாமல் விட்ட 'அன்புள்ள'வையும் சேர்த்து நானே எழுதிவிட்டேன்.

உங்கள் உறையைப் பிரித்ததும் தார் வாசனை வந்தது. மெய்யாகவே வந்ததா, நான் வரவழைத்துக்கொண்டேனா தெரியவில்லை. வீட்டுக்கார அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கும்வரை முகர்ந்துகொண்டிருந்தேன்.

இந்த ஊரில் பத்துப் புகைபோக்கிகள், ஒரு ஆறு, ஒரு மைதானம். இங்கே ஆடுவது நம் பதினைந்து பேர் ஆட்டம் இல்லை, பதிமூன்று பேர் ரக்பி. நாற்பது வருஷத்துக்கு முன் பிரிந்துபோனதாம். சனிக்கிழமைக் கூலியை விட்டுவிட்டு மில் தொழிலாளி எப்படி ஆடுவான் என்று கேட்டுப் பிரிந்திருக்கிறார்கள். அதனால் ஆடினால் சம்பளம் உண்டு. என் பக்கத்தில் ஆடுகிறவன் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து நேராக மைதானத்துக்கு வருவான். இமையில் கரி ஒட்டியிருக்கும். எல்லோரும் நல்லவர்கள். பேசுவது மட்டும் முதல் ஆறு மாதம் எனக்குப் புரியவில்லை.

இளவரசர் சங்கதி கிளப் டைரக்டர் ஒருவருடைய வேலை. நான் வந்து இறங்கிய அன்றே ரயிலடிக்குப் பத்திரிகைக்காரர்களை வரச்சொல்லி, ஒரு ஜன்னல் திரைத்துணியை என் தலையில் சுற்றிவிட்டார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை கூட்டம் இரண்டு பங்கு வந்தது. பிறகு அதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. அப்பாவிடம் குளிர் என்று சொன்னதற்கு நன்றி அண்ணே. குளிரும் பொய்யில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். பிறைப் பட்டறை இஞ்சினீயர் ஹாவர்த் துரை இந்த ஊர்க்காரர். நம் ஆட்டங்களைப் பார்த்து இவர்களுக்கு எழுதியவர் அவர்தான். உங்களிடம் சொன்னால் 'போகாதே' என்பீர்கள், நானும் நின்றுவிடுவேன் என்று பயந்தேன். இப்போதைக்கு இந்தப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

1932 டிசம்பரில் அங்கிருந்து ரக்பி சங்கத்தின் கடிதம் வந்தது. கூலிக்கு ஆடியவன் ஆயுளுக்கும் அமெச்சூர் ரக்பி ஆடக்கூடாது என்ற விதி எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நான் செப்டம்பரிலேயே பணத்தை வாங்கிக்கொண்டு, அதை மறைத்து, அக்டோபரில் உங்களோடு மூன்று ஆட்டம் ஆடி ஏமாற்றினேன் என்றும் அதில் எழுதியிருந்தது. இதை யார் சொன்னது என்று உங்களுக்குத் தெரியுமா?

ராமதாஸ்


சூலியா தெரு, பினாங்கு
9 ஜூலை 1934

தம்பி ராமதாஸுக்கு,

எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பெண் பெயர் நூர்ஜான். உன் கடிதத்தை நான் இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்து, "இவ்வளவு அழகா எழுதறவரோட ஏன் சண்டை?" என்று கேட்டாள்.

பேரா ஆட்டத்தைப் பற்றி நீ கேட்கவே இல்லை. கேட்க மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். விசில் ஊதும்வரை ஜெட்டி வழி வரும் ஃபோர்ட் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம். கப்பலேறியவன் எப்படி வருவான்? ஆனாலும் பார்த்தோம். மாற்று ஆள் கிடைக்காமல் பதினான்கு பேராகவே இறங்கி, உன் இடத்தில் வாசுவைப் போட்டேன். மலைபோல் முன்னால் நின்று முட்டுகிறவனை ஓடு என்றால் பாவம், அவன் என்ன செய்வான்? நான் வழக்கம்போலப் பார்க்காமலே பந்தை எறிந்தேன். அது நேரே போய்க் கடற்கரைச் சுவரைத் தாண்டி விழுந்தது. ஜனங்கள் சிரித்தார்கள். பதினொன்றுக்கு மூன்று என்று தோற்றோம்.

அன்று ஆட்டம் முடிந்து யாரும் சட்டைகூட மாற்றவில்லை. சேறோடு சூலியா தெரு மீ நூடுல்ஸ் கடைக்குப் போய் உட்கார்ந்தோம். மீரா சாகிப் வழக்கம்போலப் பதினைந்து தட்டு வைத்துவிட்டார். ஒரு தட்டு மிஞ்சியது. வாசு அதைத் தன் பக்கம் இழுத்து, "நான்தான் அவன் இடத்துல ஆடினேன், நானே சாப்பிடறேன் லா" என்றான். அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

மழையில் சுங்கை பட்டாணி ஊர் அணியோடு ஆடியது ஞாபகம் இருக்கிறதா? பந்து வழுக்கி என் கையிலிருந்து மீன் மாதிரி துள்ளியது. நீ அதைக் காலால் உதைத்து, உதைத்து, கடைசிவரை கொண்டுபோனாய். உன் அப்பா ஆபீஸ் குடையைப் பிடித்தபடி கோட்டு ஓரமாகவே ஓடினார். அந்தக் குடையைப் பார்த்தால் எனக்கு இன்னும் அந்த நாள்தான்.

நீ கேட்ட மற்ற விஷயம். கமிட்டி என்றால் பத்துப் பேர் பத்து விதமாகப் பேசுவார்கள். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே.

அலாவுதீன்


தோர்ன்பெக்
20 ஜனவரி 1935

அன்புள்ள அண்ணே,

அண்ணிக்கு என் வணக்கம். சண்டைக்குக் காரணம் நான்தான் என்று சொல்லிவிடுங்கள்.

இந்தப் பருவத்தில் இதுவரை இருபத்திரண்டு முறை பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டியிருக்கிறேன். கிளப்பின் நாற்பது வருஷக் கணக்கில் இதுவரை யாரும் இதைச் செய்யவில்லையாம். கறிக்கடைக்காரர் என்னிடம் காசு வாங்குவதில்லை. மில் விட்டு வரும் பெண்கள் ஜன்னலைத் தட்டிப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ராமதாஸ் அவர்கள் வாயில் 'ராம்டி' ஆகிவிட்டது. இதையெல்லாம் உங்களிடம் பீற்றிக்கொள்ளாமல் வேறு யாரிடம் பீற்றிக்கொள்வேன்?

போன சனிக்கிழமை பனி கொட்டியது. மூன்று அடிக்கு மேல் கண் தெரியவில்லை. குவியலிலிருந்து பந்து வெளியே வரும் நேரம் நான் யோசிக்காமல் இடது பக்கம் ஓடினேன். பந்து வரவில்லை. எறிகிறவன் வலது பக்கம் எறிந்துவிட்டான். அவன் மேல் தப்பில்லை, அவன் எப்போதும் அங்கேதான் எறிவான். இடது பக்கம் எறிகிறவர் நீங்கள். இரண்டு வருஷம் கழித்தும் என் காலுக்கு அது தெரியவில்லை.

மீரா சாகிப் கடை மீயில் இறால் எப்போதும்போல் போடுகிறாரா?

ராமதாஸ்


சூலியா தெரு, பினாங்கு
2 டிசம்பர் 1935

ராமதாஸ்,

மறுபடியும் பத்திரிகை. மறுபடியும் உன் அப்பா.

இந்தத் தடவை படம் இல்லை. நாலே வரி. 'பினாங்கு இளவரசருக்கு அபராதம். விருந்தில் குடிபோதையில் ஒருவரைத் தாக்கினார். ஆறு வாரம் ஆட்டத் தடை.'

மாமா துண்டை நீட்டவில்லை. கடையில் வந்து உட்கார்ந்து, நூர்ஜான் கொடுத்த கோப்பியைக் குடித்து முடித்தார். பிறகு, "இதை நீங்க படிக்க வேணாம் தம்பி. கூட வேலை பாக்கிறவங்க சத்தமாப் படிச்சுட்டாங்க" என்றார்.

"பத்திரிகைக்காரன் எதையும் எழுதுவான் மாமா. யானைன்னு எழுதலையா?"

"யானைன்னு எழுதினப்ப நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையே."

தலையைக் குனிந்துகொண்டேன். போகும்போது படியில் நின்று சொன்னார்: "அவன் யாரையும் அடிக்கிற பிள்ளை இல்லை. திடல்ல யாராவது அவன் காலை மிதிச்சாக்கூட அவன்தான் சாரி சொல்லுவான்."

தம்பி, உன்னிடம் நேராகக் கேட்கிறேன். நீ குடிக்கிறாயா? யாரை அடித்தாய்?

அலாவுதீன்


தோர்ன்பெக்
5 ஜனவரி 1936

அன்புள்ள அண்ணே,

குடிக்கிறேன். குடித்தேன் என்று எழுதவேண்டும். அந்த நாளிலிருந்து தொடவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் எனக்குச் சாதகமாக ஒரு கதையைக் கட்டிவிட்டார்கள். நான் டைரக்டரை அடித்தேன், அவமானத்தைப் பொறுக்காமல் அடித்தேன் என்று சாராயக் கடைகளில் பேசி என் முதுகைத் தட்டுகிறார்கள். அது உண்மை இல்லை.

கிளப்பின் வருடாந்திர விருந்து. பெரிய மனிதர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். முந்தின இரண்டு வருஷமும் சாப்பாடு முடிந்ததும் என் தலையில் முண்டாசைக் கட்டி, கையில் ஒரு புல்லாங்குழலைக் கொடுப்பார்கள். நான் மேஜைமேல் ஏறிப் பாம்பாட்டி மாதிரி ஆடுவேன். ஆமாம் அண்ணே, ஆடினேன். சிரித்துக்கொண்டே ஆடினேன். இதை நான் உங்களுக்கு எழுதவில்லை.

இந்த வருஷம் ஆடக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போனேன். தைரியத்துக்காகக் குடித்தேன். டைரக்டர் எழுந்து கையைத் தட்டி, "நம் இளவரசர் எங்கே?" என்றார். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். ஒரு தட்டில் முண்டாசை வைத்து என்னிடம் கொண்டுவந்தார் வெயிட்டர் டாம். அறுபது வயதுக் கிழவர். மழை நாட்களில் என் ஈரக் காலணியை வாங்கி அடுப்பருகில் காயவைத்துத் தருகிறவர். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "சட்டென்று முடித்துவிடு, மகனே" என்றார்.

நான் அவரை அடித்தேன்.

டைரக்டர் பத்தடி தூரத்தில் நின்றார். அவரை அடிக்க எனக்குக் கை எழவில்லை. கைக்கு எட்டிய கிழவரை அடித்தேன். அவருக்கு இரண்டு பல் போயிற்று. கோர்ட்டில் மாஜிஸ்திரேட் கேட்டபோது, "கால் தடுக்கி விழுந்தேன்" என்றார் டாம். நான் எழுந்து, இல்லை, அடித்தேன் என்றேன். அதனால்தான் அபராதம்.

வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போகிறேன். கதவைத் திறக்கிறார், டீ தருகிறார். மன்னித்துவிட்டேன் என்று சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.

அப்பா சொன்னதை எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

ராமதாஸ்


சூலியா தெரு, பினாங்கு
16 மார்ச் 1936

அன்புள்ள தம்பி,

ஒரு மாதமாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். "நீங்க எழுதறீங்களா, இல்ல நான் எழுதட்டுமா?" என்று நூர்ஜான் கேட்டுவிட்டாள்.

செப்டம்பரில் நீ பணம் வாங்கினாய் என்று சங்கத்தில் சொன்னது நான்.

1932 நவம்பரில் என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று துரைமார், நம் கிளப் செக்ரட்டரி, எதிரில் நான். கூலிக்காரன் என்று தெரிந்தே ஒருவனோடு ஆடினால் ஆடிய எல்லோருக்கும் தடை என்பது விதி. "அவன் போவதற்கு முன்பே பணம் வாங்கியதாகப் பேச்சு. உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்கள்.

எனக்கு எதுவும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான், "செப்டம்பரிலேயே வாங்கிவிட்டான். எங்கள் யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டான்" என்றேன். எழுதிக் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டேன். செப்டம்பர் எங்கிருந்து வந்தது என்று கேட்காதே. வாயில் வந்தது.

மற்றப் பதினான்கு பேரைக் காப்பாற்றத்தான் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். சொல்லாமல் போனாய் என்ற ஆத்திரம். அந்தப் பந்து கடற்கரைச் சுவரைத் தாண்டி விழுந்ததே, அந்தச் சிரிப்பு. அவ்வளவுதான்.

கூலிக்கு ஆடினவன் என்பது ஒன்று. கூட ஆடினவர்களை ஏமாற்றினவன் என்பது வேறு. அந்த இரண்டாவது பெயரை உனக்கு வைத்தது நான். கிளப் சுவரிலிருந்து உன் படத்தை எடுத்தபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் நான்தான். நீ கேட்டு எழுதியபோது 'பத்துப் பேர் பத்து விதம்' என்று மழுப்பினேன்.

நீ டாமைப் பற்றி எழுதியிருக்காவிட்டால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அலாவுதீன்


தோர்ன்பெக் ஆஸ்பத்திரி
14 செப்டம்பர் 1936

அலாவுதீன் அண்ணனுக்கு,

பருவத்தின் இரண்டாவது ஆட்டத்தில் வலது முழங்கால் போய்விட்டது. இனி ஓட முடியாது என்று டாக்டர் சொல்கிறார். நடக்கலாம். கிளப் என்னை விடுவித்துவிட்டது. டாம் தினமும் வந்து பார்க்கிறார்.

அக்டோபர் கடைசியில் கப்பல். நவம்பர் முடிவதற்குள் பினாங்கு. ஜெட்டிக்கு வரவேண்டாம்.

உங்கள் மார்ச் கடிதம் கிடைத்தது.

ராமதாஸ்


சூலியா தெரு, பினாங்கு
20 ஜனவரி 1937

அன்புள்ள தம்பி,

வராதே என்றாய், வரவில்லை. ஆனால் பொய் சொல்லமாட்டேன், சுங்கச்சாவடித் தூணுக்குப் பின்னால் நின்றேன். நீ கோலை ஊன்றி இறங்கினாய். மாமா உன் பெட்டியை வாங்கப் போனார், நீ கொடுக்கவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டே பிறைப் பெரிக்குப் போனீர்கள். முன்னால் வந்து பெட்டியை நான் வாங்கியிருக்கவேண்டும்.

நீ புக்கிட் மெர்தாஜாமில் மாமா வீட்டில், நான் இங்கே. நடுவில் ஒரு பெரியும் ஒரு ரயிலும். அதற்கும் தபால்தான்.

பீச் ஸ்ட்ரீட்டில் உன் பழைய கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனாயாம். அங்கே இருக்கும் வாசு சொன்னான். கிளார்க் வேலை காலியாகத்தான் இருக்கிறதாம். சங்கத்தில் இருக்கும் துரைதான் அங்கே மானேஜர். "கூட ஆடினவர்களையே ஏமாற்றினவனிடம் பணப்பெட்டிச் சாவியை எப்படிக் கொடுப்பது?" என்றாராம்.

சென்ற வியாழக்கிழமை சங்கக் கமிட்டி கூடியது. நான் இப்போது அங்கே ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருக்கிறேன். கூட்டம் முடியும் நேரத்தில் எழுந்தேன்.

"1932ல் ராமதாஸைப் பற்றி நான் எழுதிக் கொடுத்தது பொய். அவர் எப்போது பணம் வாங்கினார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. கோபத்தில் சொன்னேன்."

மானேஜர் துரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இதன் விளைவு தெரிந்துதான் பேசுகிறீர்களா?"

"தெரியும் சார்."

அரைமணி நேரம் வெளியே நிற்கச் சொன்னார்கள். பிறகு செக்ரட்டரி வந்தார். பொய்ச் சாட்சி சொன்னதற்காக என் பேரைச் சங்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். திடலில் வேடிக்கை பார்க்கலாம், கயிற்றைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. உன்மேல் இருந்த ஏமாற்றுக் குற்றத்தை நீக்கிவிட்டார்கள். துரை உனக்கு வேலைக்கு எழுதுவார் என்று வாசு சொல்கிறான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் நூர்ஜான், "இனி சனிக்கிழமை சாயந்திரம் வீட்டிலேயா இருப்பீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப இதை நாலு வருஷம் முன்னாலேயே செஞ்சிருக்கலாமே" என்றாள்.

பதில் எதிர்பார்த்து எழுதவில்லை.

அலாவுதீன்


புக்கிட் மெர்தாஜாம்
8 பிப்ரவரி 1937

அன்புள்ள அண்ணே,

துரையின் கடிதம் வந்தது. முதல் தேதியிலிருந்து வேலை என்று எழுதியிருந்தது. அப்பா அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். நான்கு நாள் நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு எடுத்துக்கொண்டு பினாங்கு வந்தேன். உங்கள் கடைக்கு வரவில்லை. சங்கத்துக்குப் போனேன். அதைத்தான் எழுதவேண்டும், பொறுமையாகப் படியுங்கள்.

1932ல் எனக்கு வந்த சங்கக் கடிதத்தோடு உங்கள் சாட்சியின் நகலும் இருந்தது. கீழே உங்கள் கையெழுத்து. எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டேதான் 'யார் சொன்னது' என்று உங்களைக் கேட்டேன். வெளியே கோபம்போல் இருக்கட்டும் என்று அப்படிக் கேட்டேன். உள்ளே இருந்தது பயம்.

ஏனென்றால் நீங்கள் சொன்னது உண்மை அண்ணே.

செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பிறையில் ஹாவர்த் துரை வீட்டில், முன்பணம் உள்ள உறையை வாங்கினேன். நாளை மனம் மாறிவிடுவார்களோ என்று வாங்கிவிட்டேன். கப்பலுக்கு ஒரு மாதம் இருந்தது. காயம் என்று பொய் சொல்லி ஆடாமல் இருந்திருக்கலாம். ஆனால் பேரா ஆட்டத்துக்கு முன் மூன்று ஆட்டம் இருந்தது, மூன்றும் நம் திடலில். உங்களோடு இன்னும் மூன்று முறை ஆடிவிட்டுப் போகலாம் என்று ஆசைப்பட்டேன். அந்த மூன்றிலும் பந்து கைக்கு வரும்போதெல்லாம் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேரா ஆட்டத்தை ஆடவே முடியாது என்று தெரிந்துபோயிற்று. அதனால்தான் முந்தின கப்பலில் ஏறினேன். நீங்கள் தடுப்பீர்கள் என்று பயந்ததாக நான் எழுதியது பாதி உண்மை. இது மறுபாதி.

நகலைப் பார்த்ததும் நீங்கள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் அப்படித்தான் நினைத்தேன். உங்கள் மார்ச் கடிதத்தைப் படித்தபோதுதான், தெரியாமலே சொல்லியிருக்கிறீர்கள் என்று புரிந்தது. அன்றே எழுதியிருக்கவேண்டும். எழுதவில்லை. உங்கள் தலையில் இருக்கும் பாரம் எனக்கு வசதியாக இருந்தது. 'கடிதம் கிடைத்தது' என்று ஒரு வரியோடு விட்டுவிட்டேன். டாமை அடித்ததைவிட இது கேவலம்.

மானேஜர் துரை எதிரில் நின்று, "செப்டம்பரில் பணம் வாங்கினேன், மறைத்து ஆடினேன். ஷேக் அலாவுதீன் முதலில் எழுதிக் கொடுத்தது உண்மை" என்றேன். அவருக்குக் குழம்பிவிட்டது.

"அப்படியானால் அவர் ஏன் இங்கே வந்து அது பொய் என்றார்?"

"உண்மை என்று அவருக்குத் தெரியாது சார்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "உங்கள் இருவருக்கும் பைத்தியமா?" என்று கேட்டார். வேலைக் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். உங்கள் பேரைத் திரும்பச் சேர்ப்பது பற்றி அடுத்த மாதம் பேசுவார்களாம். என்னைப் பற்றிப் பேச எதுவும் இல்லை.

அப்பாவிடம் எல்லாம் சொன்னேன், பாம்பாட்டி ஆட்டம் உட்பட. கேட்டுவிட்டு, "காலுக்கு எண்ணெய் தேய்க்கணும், உக்காரு" என்றார். இங்கே அப்துல் காதர் முதலாளியின் அரிசி மில்லில் எடை எழுதுகிற வேலை இருக்கிறது. உட்கார்ந்து பார்க்கும் வேலை. திங்கட்கிழமை சேருகிறேன்.

நீங்கள் இனி எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

ராமதாஸ்


சூலியா தெரு, பினாங்கு
10 பிப்ரவரி 1937

அடப் பாவி ராமதாஸ்,

செப்டம்பரில் வாங்கினாயா! நாலு வருஷம் மூன்று மாதம் நான் பள்ளிவாசலில் தலையைத் தரையில் வைத்து இதற்காக அழுதிருக்கிறேன். அத்தனை அழுகையையும் யார் திருப்பித் தருவது?

கடிதத்தைக் கடையில் நின்றபடி படித்தேன். படித்துவிட்டுக் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்துவிட்டேன். என்னமோ ஆகிவிட்டது என்று நூர்ஜான் ஓடிவந்தாள். வாங்கிப் படித்தாள். முதலில் முகம் சிவந்தது, அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "பொய்யைக்கூட உங்களுக்குச் சரியாச் சொல்லத் தெரியலையே" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாயந்திரம்தான் வந்தது.

நான் கோபத்தில் சொன்னது சொன்னதுதான். அது நிஜமாகப் போனதால் நான் யோக்கியன் ஆகிவிடமாட்டேன். உனக்கும் அப்படித்தான். இதற்குமேல் தபாலில் பேச என்னால் முடியாது. உன்னை நேரில் வைத்து நாலு வார்த்தை திட்டவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பெரியில் வருகிறேன். வாசுவும் வருகிறான். நூர்ஜானும் வருகிறாள். உன்னைப் பார்க்கவேண்டுமாம், இறால் குழம்பு வைத்து எடுத்து வருகிறாள். ஐந்து பேருக்குச் சோறு மட்டும் வடித்து வைக்கச் சொல்லு மாமாவிடம். வாசு வருவதால் எட்டுப் பேருக்கு.

அலாவுதீன்